கடைசி அத்தியாயம் எங்கள் லயனுக்கு வரவில்லை

மர்மக் கதை கையில் கிடைத்தால் நான் கடைசி அத்தியாயத்தைத்தான் முதலில் படிப்பேன். மகள் கே.கே. நகர் லைப்ரரியிலிருந்து எடுத்து வந்து கொடுக்கிறாள். இப்போது வருகிற புத்தகங்களில் சின்ன ஊர்க் கதைகள் நிறைய இருக்கின்றன. ஒரு தெரு, ஒரு டீக்கடை, ஒரு குளம், அந்தக் குளத்தில் ஒரு பிணம். நன்றாகத்தான் எழுதுகிறார்கள். நான் பின்பக்கத்திலிருந்து புரட்டுவதைப் பார்த்தால் மகளுக்குப் பொறுக்காது.

"ஏம்மா, யாரு கொன்னான்னு முன்னாடியே தெரிஞ்சுகிட்டா அப்புறம் படிக்கறதுக்கு என்ன இருக்கு?"

"யாரு கொல்லலன்னு தெரிஞ்சுக்கணும்" என்பேன்.

அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். நானும் விளக்கிச் சொன்னதில்லை. நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச எனக்கு என்றைக்குமே வராது. எழுதினால் வருகிறதா என்று பார்க்கிறேன்.

கல்யாணமாகி நான் பொன்மலைக்கு வந்தபோது எங்களுக்கு ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு வீடு கிடைத்திருந்தது. ஒரே கூரையின் கீழே வரிசையாக ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். அதை லயன் என்பார்கள். முன்னால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். பின்னால் ஆளுக்குக் கொஞ்சம் மண். ஒர்க்‌ஷாப் சங்கு ஊதினால் ஆண்கள் சைக்கிளில் கிளம்புவார்கள், மறுபடி ஊதினால் வருவார்கள். நடுவில் இருக்கிற பொழுது பெண்களுடையது.

நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். எங்கள் லயனில் அதுவே பெரிய படிப்பு. குழாயடியில் யாராவது ஏதாவது கேட்டால் குடத்தைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவேன். ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டால் மட்டும் எப்படியோ வாய் திறந்துவிடும். அது என் பேச்சில்லையே, எவரோ எழுதி வைத்தது, நான் சொல்வதாக யாரும் நினைக்கமாட்டார்கள் என்று ஒரு தைரியம். குனிந்த தலை நிமிராமல் படிப்பேன்.

இதைக் கண்டுபிடித்தவர் கடைசி வீட்டு மேஸ்திரி மனைவி. மேஸ்திரி வீட்டம்மா என்றுதான் எல்லோரும் சொல்வோம். கனத்த உடம்பு, கனத்த குரல். "ஊமைக் கோட்டான்னு நெனச்சேன். எப்புடிப் படிக்குது பாருங்கடி" என்று சொல்லி, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என் வீட்டிலேயே கூட்டம் சேர்க்க ஆரம்பித்துவிட்டார். அரிசி பொறுக்கிக்கொண்டு, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு, தலை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் நடுவில் உட்கார்ந்து படிப்பேன்.

பத்திரிகை சொந்தமாக வாங்குவதில்லை. வாடகைப் புத்தகக்காரர் ஒருவர் சைக்கிளில் காக்கிப் பை மாட்டிக்கொண்டு வருவார். வாரப் பத்திரிகை புதிதாக இருக்கும்போது ஆபீசர் பங்களாக்களுக்குப் போகும், அப்புறம் கிளார்க்குகள் வீடு, அப்புறம் வாத்தியார் வீடு. எங்கள் லயனுக்கு வரும்போது அட்டை போயிருக்கும், காபிக் கறை இருக்கும். எங்களுக்கு அதனால் ஒன்றும் குறையில்லை. மர்மத் தொடர்கதை இருந்தால் போதும்.

எங்களுக்கு அடுத்த வீட்டில் ஸ்ரீரங்கத்தக்கா இருந்தார். அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. அது அவருடைய அண்ணன் வீடு. அண்ணன் ஒர்க்‌ஷாப்பில் பாய்லர் வேலை. அக்காவின் வீட்டுக்காரர் ஸ்ரீரங்கத்தில் காவிரிக் கரை அம்மா மண்டபத்துப் பக்கம் தேங்காய், பழம், வெற்றிலைக் கடை வைத்திருந்தாராம். ஒருநாள் காலையில் மண்டிக்குப் போய்த் தேங்காய் எடுத்து வருகிறேன் என்று சாக்கை மடித்து எடுத்துக்கொண்டு போனவர் திரும்பி வரவேயில்லை. ஆற்றில் தேடினார்கள், ஆஸ்பத்திரியில் தேடினார்கள், போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு தகவலும் இல்லை. பிள்ளை இல்லை, மாமனார் மாமியார் இல்லை. அண்ணன் போய்க் கூட்டிவந்துவிட்டார். அந்த வீட்டை விட்டால் அக்காவுக்குப் போக்கிடம் கிடையாது. லயனில் எல்லோருக்கும் இது தெரியும்.

பொட்டை எடுக்கவில்லை. தாலியை எடுக்கவில்லை. "அவரு வந்து கேட்டா என்ன சொல்றது" என்பார். நெற்றியில் குங்குமம் வைக்கும்போது மட்டும் கண்ணாடியைப் பார்க்காமல் வைத்துக்கொள்வார். அதை நான் மட்டும்தான் கவனித்திருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

ஸ்ரீரங்கத்திலிருந்து வரும்போது அவர் ஒரு டிரங்குப் பெட்டியும், கொல்லையிலிருந்த முருங்கையில் வெட்டிய ஒரு போத்தும் கொண்டு வந்தார். போத்தைப் பின்னால் நட்டு, தலையில் சாணியை அப்பி, தினமும் தண்ணீர் ஊற்றினார். அந்த மண்ணுக்கு என்ன பிடித்ததோ, மளமளவென்று வந்துவிட்டது. காய்க்க ஆரம்பித்ததும் அக்கா ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கட்டுக் கட்டாக வைத்துவிட்டுப் போவார். சதை பிடித்த காய். எங்கள் லயனில் சாம்பார் மணத்தால் அது ஸ்ரீரங்கத்தக்கா வீட்டு முருங்கை என்பார்கள். மேஸ்திரி வீட்டம்மாவுக்கு மட்டும் ஒரு கட்டு கூடுதலாகப் போகும், அவர் கேட்டு வாங்கிக்கொள்வார்.

அக்காவும் கதை கேட்க வருவார். படிப்பு கிடையாது. கதவோரம் உட்கார்ந்து, மடியில் பூவைப் போட்டுத் தொடுத்துக்கொண்டே கேட்பார். மர்மக் கதை என்றால் அவருக்கு உயிர். துப்பறிகிறவர் கண்டுபிடிப்பதற்கு முன்னால் அவர் கண்டுபிடித்துவிடுவார். "அந்தச் சமையக்காரன்தான். அவன் எதுக்கு வெறும் பாத்திரத்தக் கழுவறான்?" என்பார். அடுத்த வாரம் அப்படியே இருக்கும்.

அந்தத் தொடர்கதை வந்தது அப்போதுதான். ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். கோயில், அக்கிரகாரம், அரிசி மில். மில் முதலாளி ஒருநாள் காணாமல் போகிறார். மனைவி தினமும் வாசலில் கோலம் போடுகிறாள், பொட்டு வைத்துக்கொள்கிறாள், யாரிடமும் அழுவதில்லை. இன்ஸ்பெக்டர் வந்து வீட்டுக்கு வீடு விசாரிக்கிறார். முதல் சில வாரம் எங்கள் கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அக்காதான் அதிகம் ரசித்தார். "மில்லுல கணக்கெழுதறவன் மேல ஒரு கண்ணு வெய்ங்க" என்றார்.

பிறகு ஒரு வாரம், அத்தியாயத்தின் கடைசி வரி இப்படி வந்தது: கணவன் காணாமல் போன மறுநாள் அவள் கொல்லையில் நட்ட முருங்கை, அந்தத் தெருவில் வேறெந்த மரத்தையும்விட வேகமாக வளர்ந்து நின்றது.

நான் முன்கூட்டிப் படித்து வைத்துக்கொள்கிற பழக்கமில்லை. அவர்களுக்கு அந்த வரி எப்போது காதில் விழுந்ததோ அப்போதுதான் எனக்கும் கண்ணில் பட்டது.

"இரு இரு" என்றார் மேஸ்திரி வீட்டம்மா. "அத இன்னொருவாட்டி படி."

படித்தேன். படிக்காமல் என்ன செய்வது. ஒவ்வொரு தலையாகப் பின்கதவுப் பக்கம் திரும்பியது. திறந்திருந்த கதவு வழியாக அக்கா வீட்டு முருங்கை, வேலிக்கு மேலே பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. அக்கா பூத் தொடுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். முதலில் அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"என் மரத்தப் பாத்துத்தான் எழுதிருக்கான் போல" என்றார்.

யாரும் கூடச் சிரிக்கவில்லை.

அடுத்த தடவை அவர் வாசல்களில் வைத்த காய்கள் அங்கேயே கிடந்து வாடின. ஒருவர் வீட்டில் பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்றார்கள். ஒருவர் விரதம். மேஸ்திரி வீட்டம்மா எடுத்துக்கொண்டு போய் மாட்டுக்குப் போட்டார். குழாயடியில் அக்கா வரும்போது பேச்சு நின்றுபோகும். போனதும் தொடங்கும்.

"ஸ்ரீரங்கத்துல காணாமப் போனாரு. இங்க இருக்கற மரத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"போத்து எங்கேருந்து வந்துச்சு? அந்தக் கொல்லையிலேருந்துதானே? எதுக்கு அவ்வளோ தூரத்துலேருந்து ஒரு குச்சியத் தூக்கிட்டு வரணும்?" என்றார் மேஸ்திரி வீட்டம்மா. "பத்திரிகைக்காரன் சும்மா எழுதுவானா? எங்கியாவது ஒண்ணு நடந்தாத்தான் எழுதுவான்."

அச்சில் வந்ததென்றால் அது எங்கோ நடந்திருக்க வேண்டும் என்று எங்கள் லயன் நம்பியது. கதை என்று தலைப்பிலேயே போட்டிருக்கும். இருந்தாலும் பெயரை மாற்றி எழுதியிருக்கிறார்கள், போலீஸுக்குப் பயந்து ஊரை மாற்றியிருக்கிறார்கள் என்பார்கள். என் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. "அது வெறும் கதைதாங்க்கா" என்று சொல்ல வாயெடுத்தேன். மேஸ்திரி வீட்டம்மா திரும்பி, "என்னடி?" என்றார். "கொடம் ரொம்பிடுச்சு" என்றேன்.

வீட்டுக்காரரிடம் கேட்டுப் பார்த்தேன்.

"என்னங்க, இந்தக் கதை எழுதறவரு நம்ம ஊர்ப் பக்கமா?"

"அவன் மெட்ராஸ்ல ஃபேனுக்கு அடியில உக்காந்திருக்கான். பொன்மலையில முருங்க மரம் இருக்கறது அவனுக்கு எப்புடித் தெரியும்?"

"நீங்க அதைச் சொல்லுங்களேன், மேஸ்திரிகிட்ட."

"ஏ புள்ள, என் மேஸ்திரிகிட்டப் போயி உன் பொண்டாட்டி கதை கேக்கறது சரியில்லன்னு சொல்லச் சொல்றியா? வேல பாக்க வேணாமா நான்?"

அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது.

தலைவலி என்று ஒரு வாரம் படிக்கமாட்டேன் என்றேன். எல்லோரும் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து லயன் கம்பவுண்டர் மனைவியிடம் போய்விட்டார்கள். அந்தம்மா குரலை ஏற்றி இறக்கி, கண்ணை உருட்டி, அந்த மனைவி பேசுகிற இடத்தில் அக்கா பேசுவது மாதிரியே இழுத்து இழுத்துப் படித்தாராம். வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அடுத்த வாரம் நானே படித்தேன். எதைச் செய்தாலும் அது அக்காவின் மேலேயே போய் விழுந்தது.

அக்கா கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஒருநாள் எல்லோரும் போன பிறகு பின்கதவு வழியாக வந்து நின்றார்.

"பத்திரிகை இன்னும் உங்கிட்டதான் இருக்கா?"

"இருக்குக்கா."

"எனக்கு மட்டும் கொஞ்சம் படியேன். ரெண்டு வாரமா என்ன ஆச்சுன்னே தெரியல."

படித்தேன். அந்த இரண்டு வாரத்தில் அந்தப் பெண்ணைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தது. தெருவே வேடிக்கை பார்த்தது. ஒரு கல் வந்து அவள் முதுகில் விழுந்தது. அந்த இடத்தில் என் குரல் இறங்கிவிட்டது. அக்கா கையை நீட்டி, பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார், எந்த இடத்தில் அது இருக்கிறது என்பதுபோல.

"அவ பண்ணிருக்க மாட்டா" என்றார். "பண்ணவ தாலியக் கழட்டிட்டு அழுதிருப்பா. அப்பதான் ஊரு நம்பும். இவளுக்கு நெசமாவே தெரியல, அவன் எங்க போனான்னு. தெரியாதவ எப்புடி அழுவா?"

அக்கா பத்திரிகையை மடித்து என் மடியில் வைத்துவிட்டு, கதவருகில் நின்று, "எங்க அண்ணி சொல்றாங்க, மரத்த வெட்டிடலாம்னு" என்றார். பிறகு, "காய் இருக்கு, முத்திடும். எடுத்துக்கறியா?" என்று கேட்டார். எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு என் வீட்டில் முருங்கைக்காய்ச் சாம்பார் என்பது லயன் முழுவதும் மணத்துவிட்டது. மறுநாள் குழாயடியில் எனக்கும் இடம் கொஞ்சம் தள்ளித்தான் கிடைத்தது.

அக்காவின் அண்ணனுக்குக் கல்யாண வயதில் ஒரு பெண். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டார்கள், சிரித்துப் பேசினார்கள். போகும்போது தண்ணீர் கேட்டு மேஸ்திரி வீட்டில் நின்றார்கள். அதற்குப் பிறகு அங்கிருந்து பதிலே வரவில்லை. மேஸ்திரி வீட்டம்மா என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. "நான் ஒண்ணும் சொல்லல. இந்த மாதிரி இந்த மாதிரின்னு ஊருல பேசிக்கறாங்கன்னேன்" என்றார் அவரே.

சுவர் மெல்லிசு. அண்ணி பேசுவது எனக்குக் கேட்டது. கத்தவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார்.

"நான் ஒன்ன சந்தேகப்படறேன்னு நெனைக்காத. எனக்கு ஒரு பொண்ணு இருக்கு. இந்தக் கதை முடியற மட்டும் ஸ்ரீரங்கத்துலயே எங்கியாவது இரேன். முடிஞ்சதும் எல்லாம் சரியாப் போயிடும்."

"முடிஞ்சா சரியாப் போயிடுமா, அண்ணி?"

"அதான் முடிவுல தெரிஞ்சுடும்ல, அவ பண்ணாளா இல்லியான்னு."

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, தட்டு நகரும் சத்தம் மட்டும் வந்தது. அந்தக் கதையின் முடிவில்தான் அக்காவின் இருப்பு என்று ஆகிவிட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்ல? சொன்னால் யார் நம்புவார்கள்?

ஆகவே நாங்கள் எல்லோருமே அந்தக் கடைசி வாரத்துக்காகக் காத்திருந்தோம். அதற்கு முந்தைய வாரம் 'அடுத்த இதழில் முடியும்' என்று போட்டிருந்தது. அக்கா பெட்டியைக் கட்டாமல் வைத்திருந்தார்.

பத்திரிகை வந்தது. கூட்டம் கூடியது. அக்காவின் அண்ணிகூட வந்து உட்கார்ந்தார். நான் புரட்டினேன். சிரிப்புத் துணுக்கு இருந்தது, சமையல் குறிப்பு இருந்தது. தொடர்கதை இருக்க வேண்டிய இடத்தில் கிழித்த தாளின் நறுக்கு மட்டும் நடுவில் துருத்திக்கொண்டு நின்றது.

புத்தகக்காரரின் வழக்கம் அது. தொடர்கதைகள் முடிந்ததும் அந்தப் பக்கங்களைப் பிரித்து எடுத்துச் சேர்த்து, பைண்டு பண்ணி, முழுப் புத்தகமாக வாடகைக்கு விடுவார். எங்கள் லயன் கடைசி என்பதால் எங்களுக்கு வருவதற்கு முன்பே பிரித்துவிட்டார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கு அது ஒரு தொழில்.

"அட, கிழிச்சுட்டானா" என்றார் மேஸ்திரி வீட்டம்மா. "கிழிச்சா என்ன, தெரியாததா? அவதான் பண்ணியிருப்பா. இல்லேன்னா எதுக்குப் போலீஸு புடிக்கப் போவுது?"

"அதானே" என்றார்கள். அக்காவின் அண்ணி எழுந்து போய்விட்டார். நான் அந்த நறுக்கை விரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அதில் பாதிப் பாதி எழுத்துகள் தெரிந்தன. ஒன்றுசேர்த்து ஒரு வார்த்தைகூடப் படிக்க முடியவில்லை.

அந்த வாரமே அக்கா கிளம்பினார். ஸ்ரீரங்கத்தில் வடக்கு வாசல் பக்கம் ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் இடம் பார்த்திருந்தார்கள், பூத் தொடுத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று. அண்ணன் பெட்டியைச் சைக்கிளில் கட்டினார். அக்கா என் வாசலில் நின்றார்.

"கடைசியில என்ன ஆச்சுன்னு தெரிஞ்சா எனக்கு வந்து சொல்லு" என்றார். "எனக்குக் கணக்குப்புள்ள மேலதான் சந்தேகம்."

"வரேங்க்கா" என்றேன். அவர் போன மறுநாள் மரத்தை வெட்டினார்கள்.

பைண்டு புத்தகம் சீக்கிரம் வரவில்லை. புத்தகக்காரர் வரும்போதெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பேன். "தச்சுகிட்டிருக்காங்கம்மா" என்பார். ஒருவழியாக வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கடைசியிலிருந்து படித்தேன்.

கொன்றவன் மில் கணக்குப்பிள்ளை. பிணம் உமிக் குவியலுக்கு அடியில் இருந்தது. முருங்கையின் அடியில் தோண்டிப் பார்த்தபோது ஓட்டாஞ்சல்லிதான் கிடைத்தது. அந்தப் பெண்ணை விட்டுவிட்டார்கள். அவள் தெருவில் நடந்து வந்தபோது எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள். அவள் கதவைத் திறந்து உள்ளே போனாள். முற்றும்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். அப்படி நானாகப் போய் நின்றது அந்த ஒரு தடவைதான்.

"அந்தக் கதையில அவ பண்ணல" என்றேன்.

"எந்தக் கதையில?" என்றார் மேஸ்திரி வீட்டம்மா.

"அந்த மில்லுக் கதை. முருங்க மரம் வருமே."

"அதா? அது எப்பவோ முடிஞ்சு போச்சேடி. இப்ப வர்றதுல அந்த டாக்டர் வெஷ ஊசி போட்டானா இல்லியா, அதச் சொல்லு. இந்த வாரம் வந்துடுச்சா?"

"அவ பண்ணல. கணக்குப்புள்ளதான் பண்ணான்" என்று மறுபடி சொன்னேன்.

"சரி, பண்ணட்டும். கொடத்த நவுத்து" என்றாள் பின்னால் நின்றவள். யாரும் என்னை விரட்டவில்லை, யாரும் மறுக்கவுமில்லை. மறுத்திருந்தாலாவது பரவாயில்லை. அக்காவின் அண்ணி அங்கேதான் நின்றார். அவர் என்னைப் பார்த்தார். பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். பெண்ணுக்கு வேறொரு இடத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன். பெருமாளைச் சேவிக்க என்று சொன்னேன். பையில் அந்தப் புத்தகம் இருந்தது. வடக்கு வாசல் பக்கம் விசாரித்து அந்தக் குடித்தனத்தைக் கண்டுபிடித்தோம். முற்றத்தில் வேறொரு அம்மாள் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"பூக்கட்டறவங்களா? அவங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்களே. திருவெள்ளறைப் பக்கம் யாரோ ஒறவுக்காரங்க, வயல் வேலைக்கு ஆளு வேணும்னு கூப்புட்டாங்கன்னு சொன்னாங்க."

"யாரு வீடுன்னு..." என்று ஆரம்பித்தேன். அந்த அம்மாள் என்னையே பார்த்தார்.

"எதுனா சொல்லணுமா?" என்று கேட்டார். "வந்தா சொல்றேன்."

கணக்குப்பிள்ளைதான் என்று சொல்லுங்கள் என்று எப்படிச் சொல்வேன், முன்பின் தெரியாதவரிடம்? ஒன்றுமில்லைங்க என்றேன். வீட்டுக்காரர் பஸ் போய்விடும் என்று வாசலில் நின்று அவசரப்படுத்தினார். பெருமாளைச் சேவித்துவிட்டு வந்துவிட்டோம். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வெட்டிய முருங்கை மறு வருஷம் துளிர்த்தது. முருங்கை அப்படித்தான், அடிக்கட்டை இருந்தால் போதும். முதலில் ஒருத்தி கீரை பறித்தாள். பிறகு எல்லோரும் பறித்தார்கள். மேஸ்திரி வீட்டம்மா காய் கேட்டு வாங்கிப் போனார். அக்காவின் வீட்டுக்காரர் என்ன ஆனார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அக்கா என்ன ஆனார் என்பதும் தெரியாது. திருவெள்ளறைப் பக்கத்து ஆள் யாரையாவது பஸ்ஸில் பார்த்தால் கேட்கலாமா என்று தோன்றும். கேட்டதில்லை.

இப்போது வருகிற புத்தகங்களில் எது படிக்கத் தகுந்தது என்று மகள் சில சமயம் கேட்பாள். எனக்குத் தெரிந்த விதத்தில் பார்ப்பேன். யாரைத் தப்பாகச் சந்தேகப்பட்டார்களோ அவர் பிறகு எப்படி இருந்தார் என்று எழுதினவர் அரைப் பக்கமாவது எழுதியிருக்கிறாரா? கதவைத் திறந்து உள்ளே போனாள் என்றால் போதாது. மறுநாள் குழாயடியில் அவளுக்கு இடம் விட்டார்களா? அவள் வைத்த காயை எடுத்துக்கொண்டார்களா? அது இருக்கிற புத்தகத்தை ஓரமாக வைத்துக்கொண்டு முதலிலிருந்து படிப்பேன். போன வாரம் வந்ததில் அது இல்லை. திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னேன்.